மூதூர் ஆலையில் சிவரூபி மிஸ் ஓட்டிய வெந்நீர் இயந்திரம்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி அதிபர் திருமதி கமலாதேவி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அம்மையாரின் கணவர் கோகுலன் அவர்களே, மகள் நிரோஜினியே, அம்மையாரிடம் படித்த மாணவர்களே, மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கும் என் ஆலைத் தொழிலாளர்களே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நான் ஸைனுலாப்தீன். மூதூரில் நெல் ஆலை நடத்துகிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் விரிவுரையாளர் சிவரூபி அம்மையாரைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருந்தால் அது இரண்டாவது தடவையாக நான் செய்யும் பிழையாகிவிடும்.

ஐம்பத்து மூன்று வயது! அது போகிற வயதா? கண்ணீரோடுதான் நிற்கிறேன். ஆனால், சபையோரே, ஒளிக்காமல் சொல்கிறேன், என் நெஞ்சில் இன்று பாரமில்லை. அந்த நிம்மதியையும் எனக்குத் தந்துவிட்டுப் போனவர் அவர்தான்.

முதல் நாள் ஆலைக்கு வந்தபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

“ஹாஜியார், நெல் அவிச்ச தண்ணியை எங்க விடுறீங்கள்?”

“கானுக்குள்ள. அழுக்குத் தண்ணியோட அதுவும் ஓடிப் போயிரும்.”

“என்ன சூடு இருக்கும்?”

“கை வைக்க ஏலாது மிஸ்.”

“கை வைக்க ஏலாத சூட்டையோ கானுக்குள்ள ஊத்துறீங்கள்!” என்று சிரித்தார்.

இரண்டு மாதத்தில் அவர் வடிவமைத்த ஓர் இயந்திரம் வந்தது. தண்ணீரை விடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஒரு திரவம் அதன் குழாய்களுக்குள் இருந்தது. நாங்கள் வீணாக்கிய வெந்நீர் அதை ஆவியாக்கும். ஆவி சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் தரும். பிறகு குளிர்ந்து திரவமாகித் திரும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எரிந்தவையோ நான்கு பல்புகள்! “இந்த நாலு பல்புக்கா இவ்வளவு இரும்பு?” என்று எல்லோர் முன்னும் கேலி செய்தேன். கூடுதலாக உமி எரித்துச் சூட்டை ஏற்றுவோம் என்றும் சொன்னேன்.

அவர் கேட்டாரா? இல்லை. “சூடு காணும் ஹாஜியார். குளிர்தான் காணாது. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்திலதான் இது ஓடுது,” என்றார். குளிர்விக்கும் தண்ணீர் வெயிலில் காயும் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை மரநிழலில் இருந்த கிணற்றுக்கு மாற்றினார். குழாய்களில் படிந்த உப்பைக் கிழமைக்கு ஒருமுறை தானே சுரண்டினார். கூடுதலாக ஒரு பிடி உமி எரிக்கவில்லை! அதே வெந்நீரில், நெல் உலர்த்தும் பெரிய காற்றாடி சுற்றியது! நெல் காயவைக்கும் பரந்த சிமெந்துத் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே பிளேன்ரீ குடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அழுத்தம் கூடினால் ஆவியை வெளியே விட ஒரு வால்வு இருந்தது. அது இடைக்கிடை ஊதும். என் அலுவலக அறையின் யன்னலுக்கு நேரே ஊதும். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நான் கண்ணயரும் நேரத்தில் ஊதும். ஒருநாள் எழுந்து போய், அதன் வாயில் ஒரு துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்தேன். ஆம், நான்தான்! மறுநாள் ஒரு குழாய் மூட்டு வெடித்தது. பக்கத்தில் நின்ற தொழிலாளி ஸஜ்ஜாத் ஆவியில் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார்.

ஸஜ்ஜாத் பிழைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஆனால் அன்று நான் என்ன செய்தேன்? தொழிலாளர்கள் முன்னால் அம்மையாரைப் பார்த்துக் கத்தினேன். “உங்கட விளையாட்டுக்கு என்ட ஆக்களா கிடைச்ச? இனி இஞ்ச வராதீங்க!” அவர் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார், எழுதிக்கொண்டார், தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டுப் போனார். கல்லூரியில் விசாரணை வந்தது. இனி வெளியிடத்தில் இயந்திரம் பொருத்திப் பூட்டக்கூடாது என்று அவரைத் தடுத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த டீசல் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. மின்சாரமும் இல்லை. அவித்த நெல் குவியல் குவியலாகப் புளிக்கத் தொடங்கியது. வெட்கத்தை விட்டு அவரை அழைத்தேன். வந்தாரே! கல்லூரியின் விசேட அனுமதியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வால்வைக் கூரைக்கு மேலே ஏற்றினார், கம்பிக் கூடு போட்டார், மூட்டுகளை மாற்றினார். நான்காம் நாள் காற்றாடி சுற்றியது. நெல் தப்பியது. நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

போன வைகாசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்தபோதுதான் சொன்னேன். “மிஸ், அந்த வால்வ அடைச்சது நான்.”

“தெரியும் ஹாஜியார். அண்டைக்கே துணியைக் கண்டனான். உங்கட சால்வைத் துண்டு.”

“அப்ப ஏன் அறிக்கையில என்ட பேர எழுதல்ல?”

“பேரை எழுதினா, அடுத்த முறை பிழை விடுற ஆள் துணியையும் எடுத்து ஒளிச்சுப்போடும். நித்திரை கொள்ளுற ஆளின்ர காதுக்குக் கிட்ட ஊத வச்சது என்ர பிழையும்தான்.”

அறிக்கையில் அவர் எழுதியிருந்தது இரண்டே வரி. வால்வு அடைபட்டிருந்தது, அடைக்க முடியாத இடத்துக்கு அதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்!

மறுநாளே என் பெயரைப் போட்டுக் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். விசாரணை மறுபடி நடந்தது. அம்மையார் மீது குற்றமில்லை, தடை நீங்கியது என்ற கடிதம் அவர் கண்மூடுவதற்குப் பதினொரு நாளுக்கு முன் வந்தது. கோகுலன் அவர்கள் வாசித்துக் காட்டினாராம். மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாராம். அதைக் கேட்ட பிறகுதான், சபையோரே, எனக்கும் தூக்கம் வந்தது.

தம்பலகாமத்து ஆலையில் இரண்டாவது இயந்திரத்தை அவருடைய மாணவர்கள் பூட்டுகிறார்கள். ஸஜ்ஜாத்தும் அவர்களோடு போகிறார். அதற்கு வேண்டியதை நான் செய்வேன். அது பெரிய காரியமல்ல. இந்தச் சபையின் முன் நான் கொடுக்கும் வாக்குறுதி வேறு. இனி என் ஆலையில் யார் பிழை விட்டாலும், அன்றே வந்து என்னிடம் சொல்லலாம். அதற்காக ஒருவருடைய வேலையும் போகாது, ஒருவர் மேலும் நான் சத்தம் போடமாட்டேன். நான் மீறினால், என் தொழிலாளர்களே, நீங்கள் எழுந்து நின்று என்னைக் கேளுங்கள்!