காஸிப் ஆன்ட்டி

— சர்ச் வாசல்ல அத்தனை பேர் முன்னாடி என்னைக் காஸிப்னு சொன்னீங்கல்ல டென்சில், சரியாத்தான் சொன்னீங்க. உள்ள வாங்க.

— வர மாட்டேன். ஃபாதர்கிட்ட நீ சொன்னது பொய்யின்னு இப்பவே வந்து சொல்லு, ஐரின். அதுக்குத்தான் வந்தேன். இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது மேன்.

— ஃப்ரேசர் டவுன் முழுக்கக் கேக்கற மாதிரி கத்த வேணாம். உக்காருங்க.

— உக்காந்தா என்ன, நின்னா என்ன? சர்ச்ல ரெண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ஹால் புக் பண்ணியாச்சு. மாப்பிள்ளை டிரேவர் துபாய்லேர்ந்து லீவு போட்டு வந்து உக்காந்திருக்கான். ஷெரிலையும் கையோட கூட்டிட்டுப் போறேன்னிருக்கான். இப்பப் போய், அவனுக்குக் கோலார்ல பொண்டாட்டி இருக்குன்னு ஃபாதர் காதுல ஓதியிருக்கே. அவரும் கல்யாணத்தை நிறுத்தி வச்சுட்டார். என் ஒரே பொண்ணு மேன்!

— தடை ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு ஓலை வாசிக்கும்போது அவர்தானே கேட்டார்? தெரிஞ்சது, சொன்னேன்.

— ரெண்டாயிரமாவது வருஷமே வந்தாச்சு, இன்னும் ஊர் வம்பு! இதுக்குப் பேருதான் காஸிப். ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கறியே, உனக்குத் தெரியாதா?

— நல்லாத் தெரியும். ஆயிரம் வருஷத்து வார்த்தை அது. மொதல்ல எப்படி எழுதினாங்க தெரியுமா? ஜி, ஓ, டி. அப்புறம் எஸ், ஐ. கடைசில கிரிக்கெட் பேட்டுக்கு எழுதற பி, ரெண்டு. காட்-சிப்.

— காட்?

— நம்ம காட்தான். சிப்னா சொந்தம். கடவுள் முன்னாடி உண்டான சொந்தம். ஞானஸ்நானத்துல குழந்தையைக் கையில ஏந்தி நிக்கறவளுக்கு அந்தப் பேரு. நாம ஞானத்தாய்ங்கறோம்.

— சும்னே பாடம் நடத்தாதே.

— இருங்க. வாயில உருண்டு உருண்டு அந்த டி தேஞ்சு இன்னொரு எஸ் ஆச்சு. பேட்டுக்கு எழுதற பி போய், பென்னுக்கு எழுதற பி வந்துச்சு. சில பேரு ஐ போடாம ஒய் போட்டும் எழுதினாங்க. அப்புறம் பிரசவத்துக்குத் துணைக்கு வந்த பொம்பளைங்களையும் அப்படியே கூப்பிட்டாங்க. நாலு பொம்பளைங்க சேர்ந்து உக்காந்தா வாயை மூடிட்டா இருப்பாங்க? அந்தப் பேச்சு வெளிய நிக்கற ஆம்பளைங்களுக்குப் பிடிக்கல. பேச்சையும் காஸிப்னாங்க, வார்த்தைக்கு இருந்த மரியாதை போச்சு.

— அதுக்கு?

— ஞானஸ்நானத் தொட்டிகிட்ட ஷெரிலை ஏந்தி நின்னது யாரு? செத்துப்போன உங்க சம்சாரம் யாரை நம்பி அவளைக் கொடுத்தா? அப்ப நான் காஸிப்தானே டென்சில்? அவளுக்காகப் பேசறதுதான் என் வேலை. பொய்யின்னு என் வாயால வராது.

— எவனோ சொன்னதைக் கேட்டுட்டு...

— கேட்டுட்டு இல்ல, பாத்துட்டு. கோலார் போய்ட்டுத்தான் வந்தேன். தாரணின்னு பேரு. டிரேவரோட ரெஜிஸ்டர் கல்யாணம். இடுப்புல ஒரு குழந்தை, சிரிச்சா அப்படியே டிரேவர்.

— ...சரி, இருக்கட்டும். உன்கிட்ட வந்து வத்தி வச்சது யாரு? அதைச் சொல்லு, போதும்.

— சொல்ல மாட்டேன்.

— பாத்தியா! பேரு இல்ல, ஆளு இல்ல. சுத்த வம்பு!

— ஆளு இருக்கேன் டாடி.

— ஷெரில்? நீ எப்பம்மா இங்க வந்தே? ஆபீஸ் போறேன்னு தானே கிளம்பினே?

— அந்தப் பொண்ணு குழந்தையோட என் ஆபீசுக்கே வந்தா. ஆன்ட்டிகிட்ட சொன்னது நான். ஃபாதர்கிட்ட நீங்க போய் சொல்லுங்கன்னு கேட்டதும் நான்தான்.

— கண்ணு, என்கிட்ட வந்திருக்கலாமே? பெத்தவன் நான் இருக்கேன். இப்படின்னு தெரிஞ்சிருந்தா அந்த ராஸ்கலை நம்ம வாசப்படி ஏற விட்டிருப்பேனா?

— என்னைத் தேடி வர்றதுக்கு முன்னாடி அவ நம்ம வீட்டுக்கு ஃபோன் பண்ணியிருக்கா. எடுத்தவரு, ‘அதெல்லாம் பழைய கதைம்மா, இனிமே இங்க கூப்பிடாதே’ன்னு வச்சுட்டாராம். நம்ம வீட்ல ஆம்பளை நீங்க ஒருத்தர்தானே, டாடி.