கடை மீனுக்குத் தூண்டில் காயம்

குத்தித் தர்றேன் தம்பி, ஏன் இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? இந்த ஏரிக்கரையில மீன் அறுத்துக் குடுக்க உக்காந்து பதினாறு வருஷம் ஆச்சு. பையைப் பிரிக்கும்போதே தெரிஞ்சிடும், மீன் ஏரியிலேர்ந்து வருதா கடையிலேர்ந்து வருதான்னு. உங்க கெண்டை ஐஸ்ல படுத்துக் கிடந்த மீன். கண்ணே வெளுத்துப்போச்சு. வலையில பிடிச்சதால உதட்டுல ஒரு கீறல் இல்ல. தூண்டில்ல மாட்டினதுன்னா முள்ளு குத்தின காயம் இருக்கணும்ல?

வெக்கப்படாதீங்க. நாள் முழுக்கத் தண்ணியையே முறைச்சுப் பாத்துட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போக எந்த ஆம்பளைக்கு மனசு வருது? வாரத்துக்கு நாலு பேராவது இப்படி வர்றாங்க. இதுக்குன்னே பழைய முள்ளு ஒண்ணு வெச்சிருக்கேன். உள்ளேர்ந்து வெளிய குத்தி லேசா ஒரு இழு, அவ்வளவுதான்.

என்னது, வீட்டுல கண்டுபிடிப்பாங்களா? அட, எந்தப் பொண்டாட்டி மீனோட வாயைத் திறந்து பாக்குறா! ஒருத்தி மட்டும் திறந்து பாப்பா. அவ புருஷன் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம எங்கிட்ட வந்தான். இன்னிக்கும் ஒண்ணும் சிக்கல, மானம் போவுதுன்னு தலையைச் சொறிவான். நானும் கேலி பண்ணிக்கிட்டே குத்திக் குடுப்பேன். அவன் கையில இருக்குற தூண்டில் நூலு நனைஞ்சிருக்கான்னு ஒரு நாளாவது பாத்தேனா? பாக்கலையே.

அவன் தண்ணியில நூலே போடல தம்பி. ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி வீடு. அங்க தின்னு தூங்கி எழுந்து, வர்ற வழியில கடையில மீனை வாங்கிட்டு இங்க வந்திருக்கான்.

பக்கத்து வீட்டுக்காரி இதை அவன் பொண்டாட்டி காதுல ஜாடையாப் போட்டிருக்கா. இவ என்ன பண்ணா தெரியுமா? மீனைத் தூக்கிட்டுப் போய் அவ முன்னாடி வாயைப் பிளந்து காட்டி, நல்லாப் பாருடி, என் புருஷன் ஏரியிலதான் இருந்தாருன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கா. அதோட பக்கத்து வீட்டுக்காரியோட பேச்சுவார்த்தையே இல்ல. போன மாசம் அவன் துணிமணியை வாரிக்கிட்டு அந்த வீட்டுக்கே போய்ட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா? அவதான் சொன்னா. கைக்குழந்தையோட இப்ப என் வீட்டுலதான் கெடக்கா. என் பொண்ணு தம்பி. மீன் வாங்கினா முதல்ல வாயைப் பாருன்னு அவளுக்குக் கத்துக் குடுத்தவளே நான்தான். நேத்து கேக்குறா, வாராவாரம் பாத்தேனேம்மா, காயம் இருந்துச்சே, எப்படிம்மான்னு. வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தேன். தலையை நிமிர்த்தல. அதுக்கும் எவளையாவது ஆள் பிடிச்சு வெச்சிருப்பான்டின்னு சொல்லிட்டேன்.

கடைசியா வந்த அன்னிக்கு என்ன சொன்னான்னு நெனைக்கிறீங்க? அத்தை, இந்த வாட்டி கொஞ்சம் பெருசாவே குத்துங்க, உங்க பொண்ணுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைன்னான். சிரிச்சுக்கிட்டேதான் குத்தினேன்.