சோதனை அறையின் கதவு

கம்பம் திராட்சை வாங்குவதாக இருந்தால் இந்த மாதம் வேண்டாம், சார். மழையில் பழம் வெடித்துக் கிடக்கிறது, இனிப்பு இருக்காது.

என் பெயர் உமாதேவி. மேகமலை அடிவாரத்தில் பல்கலைக்கழகம் நடத்துகிற விண்வெளி, ராணுவ ஆய்வுக்கூடத்தில் சேஃப்டி ஆபீசர். என் மகன் மகிழனும் அங்கேதான் என்ஜினியராக இருந்தான். செயற்கைக்கோள் கருவிகளை வைத்துச் சோதிக்கும் இரும்பு அறைக்குள் நைட்ரஜன் கசிந்து செத்துப்போனான். ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய அலாரம் அன்று அலறவில்லை. அது பழுது என்று இயக்குநர் விஜய்ராஜிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"டெல்லியிலருந்து ஆளுக வந்திருக்காக. அவுக போகட்டும், மாத்திக்கிருவோம்" என்றார்.

விசாரணையில், பையனின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வேலை போயிருக்கும். அந்த அறைக்குப் பக்கத்தில் இருந்திருக்க முடியாது.

பிறகு அவருடைய மகள் சினேகா ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். ஒரே மகள். என்னை அத்தை என்பாள். மதியம் என் டப்பாவிலிருந்துதான் சாப்பிடுவாள். கருவாட்டுக் குழம்பு என்றால் விரலைச் சூப்புவாள். வேலை பழக்கியதும் நான்தான். நான் சரி என்று சொல்லாமல் எதையும் தொடமாட்டாள். அந்த நம்பிக்கை வரும்வரை பொறுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை புது அலாரத்தின் இணைப்பைக் கழற்றினேன். அறைக்குள் நைட்ரஜனைத் திறந்துவிட்டேன். அதற்கு நிறமில்லை, வாசமில்லை.

"உள்ள போகலாமா அத்த?"

"நான் பாத்துட்டேன். போ ஆத்தா."

ஆஸ்பத்திரியில் விஜய்ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அங்கனதான இருந்தீக? எப்படிம்மா நடந்துச்சு?"

"இருந்தேன் சார். கதவைச் சாத்துனதே நான்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தது முகத்தில் தெரியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். ஆக, நான் எதையும் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

அவரையே கொன்றிருக்கலாமே என்கிறீர்கள். செத்த மனுஷனுக்கு என்ன தெரியும், சார். அவர் இருக்க வேண்டும். நெடுநாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

சினேகா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கதவு சாத்திய சத்தம் கேட்டு, கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தபடி கையாட்டினேன். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்றுதான்.