புதுப்போனில ஒரு புதினமும் இல்லை

இல்லைத் தில்லையண்ணை, நீங்கள் முதல்ல பெட்டியத் திறந்து பாருங்கோ. கலியாணக் கதையைப் பேந்து கதைப்பம். ஓம், அடுத்த வெள்ளி பொன்னுருக்கு எண்டு எனக்கும் தெரியும். தாலிக்குப் பொன் உருக்க முன்னம் இந்தப் போனை நீங்கள் திருப்பிக் கொண்டுபோக வேணும். அதுக்குத்தான் வரச்சொன்னனான்.

ஏன் சிரிக்கிறியள்?

நீங்கள் பேசித்தந்த மாப்பிள்ளை நிரோஜன், சுவிசில இருந்து ஆளிட்டைக் குடுத்துவிடேக்கை என்ன சொன்னவர்? மாமா, இப்ப உலகத்திலயே இதுதான் புதுசு, யதுர்ஷிகாவுக்கெண்டு வரிசையில நிண்டு வாங்கினனான் எண்டவர். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலா இருந்து பாத்தன். மகளின்ர பழைய போனைப் பக்கத்தில வைச்சும் பாத்தன். அதே நீட்டு, அதே அகலம், அதே கறுப்புக் கண்ணாடி. முந்தி ரெண்டு கமராக் கண் இருந்த இடத்தில இப்ப மூண்டு. அவ்வளவுதான். அதுவும் வெளிய துருத்திக்கொண்டு நிக்குது. மேசையில வைச்சுப் பாருங்கோ. ஆடுதே? ஒரு கால் கட்டையான கதிரை மாதிரி. அவ்வளவு படிச்ச ஆக்கள் சேந்து செய்த சாமான், ஒரு மேசையில ஒழுங்கா இருக்காதே?

பாட்டுக் கேக்கிற வயர் குத்த ஓட்டை இல்லை. சார்ச்சரும் இல்லை, வயர் மட்டும் கிடக்கு. என்ர பழைய போனில மூடியைக் கழட்டி பற்றறி மாத்தலாம். இதில நகம் வைக்கக்கூட இடமில்லை. ரக்ரர்க்காரரும் இப்பிடித்தான் அண்ணை, ஸ்ரிக்கரை மாத்திப்போட்டுப் புது மொடல் எண்டுவினம். வயலுக்க இறக்கினாத்தான் தெரியும், உள்ளுக்க அதே எஞ்சின்.

நான் கதையை மாத்தேல்லை. வேற சம்பந்தம் ஒண்டும் வரவுமில்லை. என்ர பிள்ளை ஒருத்தனையும் விரும்பவுமில்லை. நீங்கள் அப்பிடிக் கேப்பியள் எண்டு எனக்குத் தெரியும். மெல்லக் கதையுங்கோ, அவள் குசினிக்க தேத்தண்ணி போடுறாள். போனைப் பாக்காதேங்கோ, அது நிப்பாட்டியிருக்கு.

இதில ஒரு புதினமும் இல்லையெண்டுதான் நானும் நினைச்சனான். போன கிழமை மாப்பிள்ளை எனக்குக் கோல் எடுத்தார். சுகம் விசாரிச்சார். மழை பெய்யுதோ எண்டு கேட்டார். பேந்து சொல்லுறார், மாமா, யதுர்ஷிகா செவ்வாய்க்கிழமை பரந்தன் சந்தியில நாப்பது நிமிஷம் நிண்டவா, ஏனெண்டு கேட்டுச் சொல்லுங்கோ எண்டு. இஞ்ச கண்டாவளையில ஒரே வீட்டில இருக்கிற எனக்கே தெரியாது அவள் அங்க நிண்டது. சுவிசில இருக்கிற மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?

கிளிநொச்சியில போன் திருத்துற சிவரூபியிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். அந்தப் பிள்ளை ரெண்டு தரம் தட்டிப் பாத்துப்போட்டுச் சொல்லிச்சுது, ஐயா, அவர் இதைத் தன்ர பேரில திறந்து, தன்ர போனோட இணைச்சுப்போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார், இது எங்க போனாலும் அவருக்கு அங்க காட்டும் எண்டு.

ஏன் நிண்டவளோ? பஸ் வரேல்லை. வேற ஒண்டுமில்லை. நீங்களும் கேக்கிறியள் பாருங்கோ.

ஓம், அக்கறையிலதான் செய்திருப்பார். கெட்ட பெடியன் எண்டு நான் சொல்லேல்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை. அன்பு கூடினா அப்பிடித்தான் எண்டுறியள். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

முந்தநாள் பின்னேரம் அவள் சங்கக்கடை வேலை முடிஞ்சு வாறாள். படலைக்குள்ள சைக்கிளை உருட்டேக்கையே போன் அடிக்குது. எடுத்தாள். ஹலோ எண்டும் சொல்லேல்லை. கடையில சனம், அதான் சுணங்கிப்போச்சு, வழியில ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டு தானாச் சொல்லுறாள். சைக்கிள் இன்னும் கையில.

அண்டிரவே கலியாணத்தை நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன். வாயில விரலை வைச்சு, அலுமாரிக்கு மேல கிடந்த போனைக் காட்டினாள். பேந்து கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் ஓம் அப்பா எண்டவள்.

இல்லை அண்ணை, கோவத்தில எடுத்த முடிவில்லை. அவள் போனில கதைச்ச அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

என்ர மனுசி விமலேஸ்வரி சந்தைக்குப் போட்டு வந்தா, பையை இறக்க முன்னமே சொல்லத் தொடங்குவா. ஆரைக் கண்டது, என்ன கதைச்சது, ஏன் சுணங்கினது. நான் கேக்காத நாளிலயும் சொல்லுவா. வரவர வெளிய போறதையே விட்டிட்டா. தாய்வீடு உருத்திரபுரம், இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்? அங்கயும் போகேல்லை. அடக்கமான மனுசி எண்டு ஊர் சொன்னது. அவாவின்ர செத்தவீட்டில நீங்களும் சொன்னனீங்கள்.

இல்லை, நான் ஒரு நாளும் கை நீட்டினதில்லை. சத்தம் போட்டதுமில்லை. சுணங்கினா சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தி மட்டும் போய் நிப்பன். அவா வரேக்கை மணிக்கூட்டைப் பாப்பன். அவ்வளவுதான். இருவத்திரண்டு வருஷம்.

எனக்கு அப்ப போன் ஒண்டும் தேவைப்படேல்லை.