புந்தாவுக்குப் போகாத ஜெனரேட்டர்

திருவிழா விருந்தில் வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குப் பன்றி வறுவலில் எலும்புதான் மிஞ்சும். மின்சாரமும் அப்படித்தான், ஐயா. கம்பி நீள நீள, வழியிலேயே தேய்ந்துபோகும். எங்கள் தீவில் அந்தக் கடைசி ஆள் புந்தா கிராமம். மாலையானால் அங்கே மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம்.

எங்கள் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் இரண்டு சின்ன ஜெனரேட்டர்கள் வாங்கியது. எங்கே வைப்பது என்று கணக்குப் போடுவது திட்டப் பொறியாளரான என் வேலை. ஊர்வாரியாக வீடுகளையும் மின்செலவையும் கொடுத்தால் கணினியே இடத்தைச் சொல்லிவிடும். முதல் இடம் புந்தா என்றது. புயலில் பெரிய கம்பி அறுந்தாலும் அந்த ஊர் தனியாகத் தாக்குப்பிடிக்கும். சரியான விடைதான். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

புந்தாவில் மாங் கிளேட்டோ இருந்தார். முப்பது வருடம் கம்பம் ஏறிய லைன்மேன். ஜெனரேட்டர்கள் வாங்கியதற்கு முந்தைய வருடம் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. அரிசி மூட்டைக் குலுக்கலுக்காகத் தீவே வந்திருந்தது. நான் வரைந்த புது மின்கம்ப வரைபடத்தைத் திரையில் காட்டினேன். அவர் எழுந்தார்.

“எஞ்சினியர், நூத்தி நாப்பத்தெட்டாம் கம்பம் கடலுக்குள்ள நிக்குதே. கனெக்‌ஷன் யாருக்கு, இறாலுக்கா?”

அரங்கமே சிரித்தது. குலுக்கலில் ஜெயித்தவன்கூட மைக்கைப் பிடித்து அதையே சொன்னான். மறுநாளிலிருந்து மீன்காரிகளுக்கு நான் இறால் எஞ்சினியர். என் மகளைப் பள்ளியில் இறால்குஞ்சு என்றார்கள். அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடினால்தான் மூச்சு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் புந்தாவின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை அறுபத்தொன்று என்று எழுதினேன். மற்றவர்கள் மணிலாவுக்குப் பிழைக்கப் போய்விட்டதாகக் குறிப்பும் போட்டேன். மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார். ஜெனரேட்டர்கள் இரண்டும் துறைமுகப் பக்கம் போயின.

நவம்பரில் புயல் வந்து கம்பியை அறுத்தது. இரண்டாம் நாள் காலை அவர் மகள் மிண்டா படகில் வந்தாள். ஆக்சிஜன் இயந்திரத்தின் பேட்டரி சாயங்காலம் வரைதான் தாங்குமாம்.

“ஆபீஸ் கொட்டாய்ல கையில தூக்குற குட்டி ஜெனரேட்டர் ஒண்ணு சும்மா நிக்குதே சார். அதையாவது குடுங்க.”

“குடுக்கலாம்மா. அந்தக் கம்பம் கரையிலதான் நின்னுச்சுன்னு அப்பாவ எழுதித் தரச் சொல்லு.”

மதியம் காகிதத்தோடு திரும்பினாள். எழுத்து கோணிக் கோணி இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

“ரொம்ப சந்தோஷம். ஒரு மனு எழுதி வெச்சிட்டுப் போ. திங்கக்கிழமை கமிட்டி உக்காரும்.”

“இன்னிக்கு வியாழக்கிழமை சார்.”

“தெரியும்மா.”

அவள் அழவில்லை. நேராகப் படகுக்குப் போனாள். இருட்டுவதற்குள் மாங் கிளேட்டோ இறந்துபோனார்.

கடைசி ஊருக்குக் கம்பி எப்போதும் கடைசியில்தான் கட்டுவோம். புந்தாவுக்கு ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு குறைமாதக் குழந்தையும் இரண்டு முதியவர்களும் இறந்ததாக உங்கள் விசாரணைப் பட்டியலில் இருக்கிறது.

மாங் கிளேட்டோவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மற்ற மூன்று பேர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஐயா. அவர்களை எதற்கு என் பெயரில் எழுதுகிறீர்கள்?