ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ராமநாதபுரத்தில் ரயில் கிளம்பியதும், எதிரே இருந்த அம்மாள் தன் மகனிடம் கேட்டாள்: “ஏலே, இன்னைக்கு யார உள்ள தள்ளுனீங்க?”

நான் பேப்பரை மடித்துவிட்டேன். மகன் சட்டம் படிக்கிறவனாம். லீவுக்கு வந்து சர்க்கார் வக்கீல் ஆபீசில் வேலை பழகுகிறான்.

“யாரையும் இல்லம்மா. சவரிமுத்து மாமா கேஸை வாபஸ் வாங்கிட்டாக.”

“மாதாவே! எப்படிலே?”

“பிராதை நகல் எடுக்கச் சொன்னாக. ஞாயித்துக்கிழமை காலையில மாமா நடுக்கடல்ல இன்னொருத்தர் வலையை அறுத்தாருன்னு எழுதியிருந்துச்சு.”

“ஞாயித்துக்கிழமை நம்மாளுக எவன் கடலுக்குப் போறான்? எல்லாரும் மாதா கோயில்ல பூசையிலல்ல நிப்பாக!”

“அதத்தான் வக்கீலய்யாகிட்ட சொன்னேன். அவரு பங்குச் சாமியாரைக் கூப்புட்டு விசாரிச்சாரு. மாமா அன்னைக்கு முன்வரிசையில நின்னாராம்.”

“வக்கீலு உன்னையக் கோவிச்சுக்கலையா?”

“பொய்க் கேஸுல ஜெயிக்கவா நான் கோட்டு மாட்டியிருக்கேன்னாரு.”

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ அந்த ஆபீசுக்குப் போனதுலருந்து, தன் புருஷன் மேல கேஸ் நடத்துற ஆபீசுன்னு உங்க அத்தை கெணத்தடியில என் மூஞ்சியப் பாக்கல. பாம்பன்ல எறங்குனதும் நேரா அவ வீட்டுக்குத்தான் போறோம். நீ வாயத் தொறக்கக் கூடாது. நான்தான் சொல்லுவேன்.”