வெளிக்குப் போன சம்மாட்டியார்

பள்ளிமுனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மா, பக்கத்துப் பெண்ணிடம் உரத்துச் சொன்னார்: "என்ர மகள் போன கிழமை வள்ளம் வலை வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டியாரை வெளிக்குப் போக வைச்சவள்!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா, பஸ்ஸுக்குள்ள."

"ஏன் மெல்ல? நேர்ஸ் வேலையடி அது! வேற ஊர் நேர்ஸ் ஒராள் 'வெளியில போனீங்களா' எண்டு கேக்க, அவர் வார்ட்டு விறாந்தைக்குப் போனதை நினைச்சு ஓம் எண்டிட்டார். நாலு நாளும் கட்டில்ல தொங்கிற துண்டில 'போனார்' எண்டே எழுதியிருக்கு. மற்றவை துண்டைப் பாத்தவை. என்ர பிள்ளை குடியாமல் கிடந்த கஞ்சிக் கோப்பையைப் பாத்தவள். வயித்தைத் தொட்டுப் பாத்து, டொக்டரிட்டச் சொல்லி, மருந்து பருக்கினவள்."

அவர்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் சாறத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்க எழுந்தார்.

"இண்டைக்கும் போனனான் எண்டு பிள்ளையிட்டச் சொல்லுங்கோ."